உனக்கு வராத பொறாமை

அன்புள்ள சின்னவனுக்கு,

கல்யாணத்துக்கு இன்னும் சில நாள்தான் இருக்கிறது. நீ பெரம்பூரிலிருந்து வந்து இறங்கும்போது வீடு கொள்ளாத ஆள் இருக்கும். பந்தல்காரன் ஒரு பக்கம் கத்துவான், சமையல்காரர் ஒரு பக்கம் தேங்காய் போதாது என்பார், உன் பெரியம்மா கூடத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டு எல்லோருக்கும் உத்தரவு போட்டுக்கொண்டிருப்பாள். உன்னைத் தனியாகப் பிடித்து நாலு வார்த்தை பேச எனக்கு வழி கிடைக்காது. அதனால் எழுதிவிடுகிறேன். கல்யாணத்துக்கு நிற்கும் பிள்ளைக்குத் தாய் எழுதினால் பொறுமையைப் பற்றி எழுதுவாள். நான் பொறாமையைப் பற்றி எழுதப் போகிறேன். எழுத்துப்பிழை என்று நினைத்துவிடாதே. உனக்கு அந்தக் குணம் சுத்தமாகக் கிடையாது. உனக்கும் சேர்த்து எனக்குத்தான் வந்திருக்கிறது. அது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாமலே நீ ஒரு பெண்ணோடு குடித்தனம் நடத்தப் போகிறாயே என்றுதான் எனக்குக் கவலை.

உன் பெரியம்மாவும் நானும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்குள் வந்தவர்கள். அவள் எனக்கு முன்னால் வந்துவிட்டாள், அதிலிருந்தே ஆரம்பித்துவிட்டது. அடுப்படியில் நல்ல இடம் அவளுக்கு, கிணற்றடியில் நிழலான பக்கம் அவளுக்கு. இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் முழுகாமல் இருந்தோம். அப்போதாவது முந்திக்கொள்வேன் என்று பார்த்தால், சில மாதம் முன்னாலேயே அவளுக்கு ஏழுமலை பிறந்துவிட்டான். அவன் பெரியவன் ஆனான், நீ சின்னவன் ஆனாய். அத்தனை அழகாக உனக்குப் பெயர் தேடி வைத்தேன், இந்த வீட்டில் ஒருவர் வாயிலும் அது வரவில்லை. அவளுடைய ரசத்தைக் குடித்துவிட்டு உன் அப்பா, “அண்ணி வெச்சா தனிதான்” என்பார். மனுஷனுக்கு யார் எதிரில் எதைச் சொல்வது என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை. உன் பெரியம்மா கெட்டவள் என்று நான் சொல்லவில்லை. அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமே இல்லை.

ஒரே ஒரு விஷயத்தில் நான் அவளுக்கு மேலே இருந்தேன். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மலை சுற்றுவேன். அவளுக்கு முழங்கால் வலி, “கோபுரத்தப் பாத்துக் கும்புட்டா ஆவாதா?” என்று சொல்லி வாசலோடு நின்றுவிடுவாள். நீ இடுப்பில் இருந்த காலத்திலிருந்து உன்னைத் தூக்கிக்கொண்டு சுற்றியிருக்கிறேன். நடக்க ஆரம்பித்ததும் உனக்கு வழிமுறையெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். மலை எப்போதும் வலது கைப் பக்கம் இருக்கவேண்டும். மலையை ஒட்டிய உள்பக்கம் சித்தர்கள் போகிற வழி, நம் கண்ணுக்குத் தெரியாது, அவர்களை இடிக்கக் கூடாது; நாம் வெளிப்பக்கமாகவே போகவேண்டும். நிறைமாதக்காரி நடப்பதுபோல மெல்ல நடக்கவேண்டும். நீ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாய், கடைசியை மட்டும் விட்டுவிட்டாய். உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் விடியற்காலையில் எழுந்து அந்த வழியில் ஓட ஆரம்பித்தாய். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள் நின்று உன்னை வேடிக்கை பார்ப்பார்களாம். “சாமிய சுத்தற வழில ஓடலாமாடா?” என்று கேட்டதற்கு, “நான் சாமிய சுத்தலம்மா, ஓடறேன்” என்றாய். ஆனால் ஓடும்போதும் நீ உள்பக்கம் போகவில்லை. செங்கம் ரோட்டில் தொடங்கி மலையைச் சுற்றி வீடு திரும்பும்வரை வெளி ஓரமாகவேதான் ஓடினாய். எனக்கு அதில் பெருமையாகக்கூட இருந்தது.

ஏழுமலையும் ஓடினான். அவன் பள்ளிக்கூட மைதானத்தில், டிரில் மாஸ்டர் கண் எதிரில். மலை வழி அவனுக்குத் தெரியாது. எழுபதுகளின் கடைசியில் அந்த வருஷம் வேலூரில் ஜில்லா அளவில் ஐயாயிரம் மீட்டர் ஓட்டம் என்று இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். முதல் இரண்டு பேர் மெட்ராஸ் போய் ஓடலாம், அவர்களுக்கு மட்டும் ஜில்லா பெயர் போட்ட மஞ்சள் பனியன் கொடுப்பார்கள். அந்தப் பனியனைப் பற்றி நீ சோற்றில் கை வைத்துக்கொண்டு பேசுவாய், தூக்கத்திலும் பேசுவாய். உன் மூச்சும் உன் காலும் ஏழுமலையைவிட நல்லது என்று டிரில் மாஸ்டரே சொல்லியிருந்தார். அன்று சாயங்காலம் ஏழுமலை முதலாவதாக வந்தான் என்று சேதி வந்தது. நீ கடைசி. மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு வாசலில் நின்று சொன்னதை என்னால் மறக்க முடியாது. “உள்ள வாடா, உள்ள வாடான்னு தொண்டை கிழியக் கத்தறேன். உங்க புள்ள உள் கோட்டைக் காலி பண்ணிட்டு, வெளியவே ஓடிக்கினு இருக்கறாம்மா. மத்தவங்களவிட ஜாஸ்தி தூரம் ஓடிட்டுக் கடைசியா வரான்!” உன்னைப் பார்த்தேன். “நான் வேணும்னு பண்ணலம்மா. காலு தானா வெளிய போயிடுச்சு” என்றாய். உள்பக்கத்தைச் சித்தர்களுக்கு விட்டுக்கொடுத்துப் பழகிய கால், வேலூர் மைதானத்திலும் விட்டுக்கொடுத்துவிட்டது. மலையைச் சுற்றாதவள் பெற்ற பிள்ளை முதலில் வந்தான், மலையைச் சுற்றியவள் பெற்ற பிள்ளை கடைசியில் வந்தான். அன்று விளக்கேற்றும்போது அருணாசலேசுவரரிடம் நான் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. “நல்லா இருக்குதா உனக்கு?” என்று மட்டும் கேட்டேன்.

மறுநாள் உன் பெரியம்மா கேசரி கிளறித் தெரு முழுக்கக் கொடுத்தாள். எனக்கும் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்து, “சின்னவனுக்கு ஜாஸ்தி குடு, பாவம்” என்றாள். அந்தப் பாவம் என்ற வார்த்தை இருக்கிறதே, இன்றைக்கு எழுதும்போதும் வயிறு எரிகிறது. கேசரியை உன் முன்னால் வைத்தேன், நீ தட்டிவிடுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ தின்றுவிட்டு, “இன்னும் இருக்குதாம்மா?” என்று கேட்டாய்! அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, உனக்குப் பொறாமை என்ற ஒன்றே இல்லை என்று. எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. ஏழுமலை மெட்ராஸ் போய்வந்து அந்த மஞ்சள் பனியனை மாட்டிக்கொண்டு தெருவில் திரிந்தான். சாயங்காலம் கழற்றிப் போடுவான். கூட்டுக் குடும்பத்தில் துணி துவைப்பது என் முறை. நீ ஆசைப்பட்ட பனியனை, அவன் போட்டு அழுக்காக்கிக் கொடுக்க, நான் கல்லில் வைத்துத் துவைத்தேன். கொஞ்சம் அழுத்தித்தான் துவைத்தேன். சாயம் போகவில்லை, நல்ல துணி.

கேசரி தின்றாயே தவிர, நீ ஓடுவதை விட்டுவிட்டாய். விடியற்காலையில் தாழ்ப்பாள் சத்தம் கேட்கவில்லை. போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாய். கேட்டால், “அதான் பெரியவன் ஓடறானே, வீட்டுக்கு ஒருத்தன் போதும்” என்றாய். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாய், ஆனால் உன் கண் சிரிக்கவில்லை. ஓட்டத்தில் தோற்றதைவிட, ஊரே பார்க்க வெளியே ஓடிய பைத்தியக்காரன் என்று பெயர் வாங்கியதுதான் உன்னை அறுத்தது. பையன்கள் உன்னைப் பார்த்தால் ஒதுங்கி நின்று, “சித்தர் வரார், வழி விடு” என்பார்களாம், ஏழுமலைதான் சொன்னான். நல்ல தாய் என்றால், போகட்டும் கண்ணு, படிப்பைப் பார் என்று சொல்லியிருப்பாள். நான் சொல்லவில்லை. நீ விட்டுவிட்டால் உன் பெரியம்மா எனக்குக் கொடுத்த அந்தப் பாவம் காலத்துக்கும் நிலைத்துவிடும் என்றுதான் எனக்குப் பட்டது. கோழி கூவுவதற்கு முன்னால் எழுந்து உன் போர்வையைப் பிடுங்கினேன். “அவன் எழுந்துட்டான்டா, எழுந்திரு!” அவன் எழுந்திருக்கவே மாட்டான், குறட்டைவிட்டுக்கொண்டிருப்பான். ஆனாலும் தினமும் அதையே சொன்னேன். ஏழெட்டு நாள் திட்டினாய். அப்புறம் ஒருநாள் நான் வருவதற்குள் போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. பிள்ளைகளை அன்பால் எழுப்பவேண்டும் என்பார்கள். நான் உன்னை எழுப்பியது எரிச்சலால்தான், அதற்காக வருத்தப்படவும் இல்லை.

ஆனால் எழுந்தால் போதுமா? உள்பக்கம் ஓடப் பழகவேண்டும். அதுவும் இடதுபுறமாகத் திரும்பித் திரும்பி ஓடவேண்டும், மைதானத்தில் அதுதான் சட்டமாம். உனக்குத் தெரிந்ததெல்லாம் வலதுபுறம். கோடை விடுமுறை, பள்ளிக்கூட மைதானத்துக் கேட்டில் பூட்டு. ஏழுமலை வந்து என்னிடம், “சின்னம்மா, இவன் மலைய எதிர்ப்பக்கமா ஓடட்டும், தானா பழகிடும்” என்றான். எனக்கு வந்த கோபத்தில் கரண்டியை ஓங்கிவிட்டேன். “வாய அலம்புடா! இடமா சுத்தறது சாவுக்குடா, சாமிக்கு இல்ல.” சொல்லிவிட்டு அன்று முழுவதும் யோசித்தேன். மறுநாள் உன்னைக் கூட்டிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் போய்விட்டேன், என் தம்பி வீட்டுக்கு. கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்குகிற நேரம். அவன் களத்தின் நடுவில் காய்களை உன் இடுப்பு உயரத்துக்குக் குவித்து வைத்திருந்தான். “இங்க சாமி இல்ல, சித்தர் இல்ல, மல்லாட்டைதான் இருக்குது. இடமா சுத்து. குவியலை ஒட்டி ஓடு, கால் மல்லாட்டைல படணும்” என்றேன். முதல் நாள் நீ ஓடிய அழகைப் பார்த்துக் களத்து ஆட்கள் சிரித்தார்கள். திரும்புகிற இடத்தில் எல்லாம் உன் கால் வெளியே வெளியே இழுத்துக்கொண்டு போனது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ பஸ்ஸிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு ஏழுமலை வந்து இறங்கினான். “அவன் தனியா ஓடினா எப்படிப் பழகுவான் சின்னம்மா, வெளிய இருந்து நெருக்க ஒரு ஆள் வேணும்” என்றான். உன்னைத் தோற்கடித்தவனே உனக்குத் தோள் கொடுக்க வந்துவிட்டான். உனக்கு வெளிப்பக்கமாக ஒட்டி ஓடி, உன்னை வெளியே போகவிடாமல் குவியலோடு குவியலாக அழுத்தினான். கால் வெளியே வந்தால் முழங்கையால் ஒரு இடி. நான் இரண்டு பேருக்கும் கேழ்வரகுக் கூழ் ஊற்றினேன். இவ்வளவு நல்ல பிள்ளையை அவள் பெற்றிருக்கிறாளே என்று அதற்கும் வயிறு எரிந்தது. ஆனால் அவன் கிண்ணத்தில் ஒருநாளும் கம்மியாக ஊற்றவில்லை.

அடுத்த முறை வேலூருக்கு நாங்களும் வந்தோம், நானும் உன் பெரியம்மாவும். பஸ்ஸில் உனக்கு ஜன்னல் ஓரம் கிடைத்துவிட்டது, தூங்கிவிட்டாய். ஏழுமலை எனக்குப் பக்கத்தில். என் மடியில் ஒரு டப்பா நிறைய மல்லாட்டை உருண்டை இருந்தது, வெல்லப்பாகு ஊற்றிப் பிடித்தது. ஓட்டம் முடிந்து திரும்பும்போது தின்ன வைத்திருந்தேன். போளூர் தாண்டியதும் அவன், “ஒண்ணே ஒண்ணு குடு சின்னம்மா, காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல” என்று கை நீட்டினான். அந்த உருண்டை வயிற்றில் கல் மாதிரி உட்காரும், ஓடுகிறவனுக்கு ஆகாது. அது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. ஒன்று கேட்டவனுக்கு மூன்று கொடுத்திருந்தால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? கேட்டது அவன், ஆசையாகக் கொடுத்தது சின்னம்மா. டப்பா மூடியில் என் கை போனது. மூடியைத் திறக்காமல் அப்படியே டப்பாவை எடுத்து எனக்குக் கீழே வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். “ஓடிட்டு வந்து துன்னு” என்றேன். அவன் முகம் சுருங்கிப்போனது. “உம் புள்ளைக்கு வெச்சிக்கினு இருக்கிறியா?” என்றான். முன் சீட்டில் இருந்த உன் பெரியம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. இன்று வரைக்கும் விசேஷ வீட்டில் நாலு பேர் கூடினால், “பசிக்குதுன்னு கேட்ட புள்ளைக்கு ஒரு உருண்டை இல்லைனுட்டா” என்று அவள் சொல்கிறாள், நான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். வயிறு கனக்கும் என்றுதான் கொடுக்கவில்லை என்று சொன்னால், அப்போ கொடுத்துக் கெடுக்கலாம் என்ற நினைப்பு உனக்கு வந்ததா என்று கேட்பாள். பொறாமைக்காரி என்று எனக்கு ஊரில் பெயர் வாங்கிக்கொடுத்தது, நான் பொறாமையை அடக்கிய அந்த ஒரு நாள்தான்.

மைதானத்தில் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நாங்கள் இரண்டு பேரும் தோளோடு தோள் நின்றோம். நீ உள்கோட்டிலேயே ஓடினாய். ஒவ்வொரு திருப்பத்திலும் உன் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன், வெளியே போகக் கூடாதே என்று. போகவில்லை. வேலூர்ப் பையன் ஒருவன் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டான், முதலிடம் அவனுக்கு. இரண்டாவதாக ஏழுமலை, அவன் முதுகை ஒட்டி நீ. மெட்ராஸுக்கு இன்னும் ஒரு ஆள்தான், உங்களில் யார் என்பதுதான் கணக்கு. கடைசிச் சுற்றில் நீ உள்ளேயிருந்து வெளியே வந்தாய். “ஐயோ, மறுபடியுமா!” என்று நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ஆனால் முன்னால் போகிறவனைத் தாண்டவேண்டுமென்றால் வெளியே வந்துதான் தாண்டவேண்டுமாம். மற்றவர்கள் அந்தத் தூரத்துக்குப் பயப்படுவார்கள், உனக்கு அது பழகிய பக்கம். இரண்டு பேரும் சமமாக வந்தபோது என் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. “சின்னவனே, உடாதடா! வாடா, வாடா!” உன் பெரியம்மா. தன் பிள்ளை பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்க, அவள் உன்னைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தாள். அதற்கு முன் ஏழுமலைக்கும் கத்தினாள், இரண்டு பேருக்கும் அதே தொண்டை. எனக்கு உன் பேரும் வாயில் வரவில்லை, அவன் பேரும் வரவில்லை. அவளுடைய ரசத்தின்மேல், அடுப்படியின்மேல் எல்லாம் எனக்கு இருந்த பொறாமை ஒன்றுமே இல்லை. அந்தக் குரலுக்கு நான் பட்ட பொறாமைதான் பொறாமை.

ஒரு எட்டு முன்னால் நீ கோட்டைத் தாண்டினாய். மெட்ராஸ் உனக்கு. தாண்டிய வேகத்தில் நேராக எங்களிடம் ஓடிவந்தாய். நான் கையை விரித்தேன். நீ போய் விழுந்தது உன் பெரியம்மா மேல். கத்திக்கொண்டிருந்தவள் அவள்தானே, சத்தம் வந்த பக்கம் நீ போனாய், உன்மேல் தப்பு இல்லை. முழங்கால் வலிக்காரி உன்னைத் தரையிலிருந்து தூக்கிவிட்டாள். என் விரித்த கையில் ஏழுமலை வந்து சாய்ந்தான். தேம்பித் தேம்பி அழுதான், என் தோள் முழுக்க ஈரம். அவன் தலையைத் தடவிக்கொண்டே நான் உன்னைப் பார்த்தேன். நீ அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாய். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. விடியலில் போர்வையைப் பிடுங்கி உன்னை எழுப்பியது நான். நீ ஜெயித்த நாளில் உன்னை முதலில் தொட்டது அவள். நீ அதன்பிறகு மெட்ராஸில் எத்தனையாவதாக வந்தாய், ரயில்வேயில் அதைக் காட்டி எப்படி வேலை வாங்கினாய் என்பதெல்லாம் ஊருக்குத் தெரிந்த கதை. நான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருப்பது இந்த ஒன்றைத்தான்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், வருகிறவள் ஒருநாள் ஒன்றுமில்லாத விஷயத்துக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். நீ என்னிடம் அதிகம் பேசிவிட்டாய் என்று இருக்கும், அல்லது பக்கத்துவீட்டுக்காரி சாம்பாரை நீ புகழ்ந்திருப்பாய். உன் அப்பா புத்தி உனக்கும் இருக்கிறது. உனக்கு ஒன்றும் புரியாது. சிரித்துவிடாதே. “இதுக்கெல்லாமா?” என்று கேட்காதே. பொறாமைப்படுகிறவள் வேறு வேலை எதுவும் ஓடாமல் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கிறாள், அது உன்னை வெறுப்பதால் வருவது இல்லை. கேட்டால் ஒத்துக்கொள்ளமாட்டாள். நீயாகப் பக்கத்தில் போய் உட்கார், அது போதும். உனக்குப் பொறாமை வரும் நாளும் வரும், பிள்ளை பிறந்தால் கண்டிப்பாக வரும். வந்தால் வரட்டும். எதிராளி கிண்ணத்தில் மட்டும் கம்மியாக ஊற்றாதே.

இன்னும் ஒன்று கேட்கவேண்டும், புத்திமதி இல்லை, எனக்காக. தாலி கட்டி முடிந்ததும் பெரியவர்கள் காலில் விழச் சொல்வார்கள். மூத்தவர்கள் என்பதால் உன் பெரியப்பாவும் பெரியம்மாவும் முதலில் நிற்பார்கள், நானும் உன் அப்பாவும் அவர்களுக்குப் பின்னால். முறை அதுதான், மாற்றச் சொல்லவில்லை. அவள் காலில் நன்றாகக் குனிந்து விழு, அதற்கு அவள் தகுதியானவள். அவள் உன்னைத் தூக்குவாள், விபூதி வைப்பாள், கட்டிக்கொண்டு அழுவாள். அப்போது தலையை நிமிர்த்தி அவள் தோளுக்கு மேலே பார். நான் அங்கேதான் நின்றுகொண்டிருப்பேன். அன்றைக்கு மைதானத்தில் நீ பார்க்கவில்லை.

உன்னைப் பெற்றவள்